விடை ஒன்றுதானா?

காரைக்குடி, சென்னை, ரங்கூன் என மூன்று ஊர்களில் 1937 பிப்ரவரி 10 அன்று ஒரே நாளில் தொடங்கியது இந்தியன் ஓவர்சீஸ் வங்கி. காரைக்குடியை அடுத்த நேமத்தான்பட்டிப் பிள்ளை இன்று அங்கே எழுத்தராக வேண்டுமானால் வங்கிப் பணியாளர் தேர்வு நிறுவனமான ஐபிபிஎஸ் நடத்தும் முதல்நிலைத் தேர்வைத் தாண்ட வேண்டும். அதன் ரீசனிங் (காரண அறிவு) பகுதியில் 35 கேள்விகள். நேரம் 20 நிமிடம். தவறான விடைக்குக் கால் மதிப்பெண் போய்விடும். இவ்வளவு நெருக்கிக் கேட்கிறவர்களிடம் நாமும் ஒன்று கேட்கலாம்: தந்த தகவலிலிருந்து விடை ஒன்றே ஒன்றுதான் வருகிறதா?

அசமன்பாட்டுக் கேள்விகளில் வருகிறது. க ≥ ங = ச > ஞ என்று தந்தால் க > ஞ என்பது உறுதி. க > ச என்பது உறுதியில்லை. இரண்டும் சமமாகவும் இருக்கலாம். ‘க > ச’, ‘க = ச’ இரண்டையும் முடிவுகளாகத் தந்தால் ‘இரண்டில் ஏதேனும் ஒன்று’ என்பதே விடை. க < ங > ச என்று குறிகள் எதிரெதிரே திரும்பினாலோ க, ச பற்றி எதுவும் சொல்ல முடியாது. எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்ற வரம்பைச் சோதிப்பதுதான் இதன் சிறப்பு. பயிற்சி மையங்கள் இதை மனப்பாட வித்தையாக்கிவிட்டன என்பது உண்மையே. ஆனால் அங்கே மனப்பாடமாவது தர்க்கத்தின் விதி. அதனால் கெடுதல் குறைவு.

எழுத்துக் குறியீட்டுக் கேள்வி அப்படியல்ல. பூனைக்கான மூன்றெழுத்து ஆங்கிலச் சொல்லின் குறி 24 என்றால் நாய்க்கு என்ன? எழுத்துகளின் வரிசை எண்களைக் கூட்டினால் (3+1+20) 24 வருகிறது. அந்தக் கணக்கில் நாய்க்கு 26. எழுத்துகளின் எண்ணிக்கையை எட்டால் பெருக்கினாலும் 24தான் வருகிறது. அப்போது நாய்க்கும் 24. இரண்டும் தகவலுக்குப் பொருந்துகின்றன. தெரிவுகளில் ஒன்றுதானே இருக்கும் என்று வாதிடலாம். அப்படியானால் விடையைத் தீர்மானிப்பது தெரிவுப் பட்டியல், தர்க்கம் இல்லை. வினா தயாரித்தவரின் மனத்தை ஊகிப்பது எப்படிக் காரண அறிவாகும்?

இதில் இன்னொரு அநீதியும் உண்டு. தமிழ் வினாத்தாளிலும் இவ்வகைக் கேள்வி ஆங்கில அகரவரிசையிலேயே வருகிறது. ‘இஜோட்டி’ என்று 5, 10, 15, 20, 25ஆம் எழுத்துகளைச் சேர்த்து உருப்போட்டவர் முந்துகிறார். தமிழ்வழியில் படித்துத் தனியே தயாராகிறவர் விரல்விட்டு எண்ணுகிறார்.

குறியீட்டுக் கேள்வி முழுவதையும் ஒதுக்க வேண்டியதில்லை. பல வாக்கியங்களைத் தந்து, பொதுவான சொல்லையும் பொதுவான குறியையும் பொருத்தச் சொல்லும் வகை நேர்மையானது. சான்றுகள் போதுமானால் விடையும் ஒன்றே.

ஆகவே தீர்ப்பு இது: அசமன்பாடும் வாக்கியக் குறியீடும் இருக்கட்டும். ஒற்றை உதாரணத்தை நம்பிய எழுத்துக் குறியீட்டை நீக்க வேண்டும். வைத்தே தீர வேண்டுமென்றால் வேறு விதிக்கு இடமில்லாத அளவு உதாரணங்கள் தர வேண்டும். இரண்டு நியாயமான விடைகள் உள்ள கேள்விக்குக் கால் மதிப்பெண்ணைப் பிடித்துக்கொள்ளத் தேர்வு வாரியத்துக்கு உரிமை இல்லை.