மவுஸுக்கு மாற்று எது? ஒரு தோடி காந்தாரமும் சில கருவிகளும்

கணினியில் இசை செய்கிறவர்கள் ஒரு கட்டத்தில் கேட்டே தீருகிற கேள்வி இது: "கை வலிக்குது, மவுஸுக்குப் பதிலா என்ன வாங்கலாம்?" நானும் கேட்டவன்தான். அதன் விளைவாக என் மேஜை டிராயரில் இப்போது ஒரு செங்குத்து மவுஸ், இரண்டு டிராக்பால், ஒரு பேனா டேப்லெட் கிடக்கின்றன. எதை வாங்கலாம் என்று பட்டியல் போட இதை எழுதவில்லை. கேள்வியே கொஞ்சம் தப்பு என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

முதலில் என் கதை. பாளையங்கோட்டையில் வீடு. பகலில் மென்பொருள் வேலை, ராத்திரி பத்து மணிக்கு மேல் இசை. சேரன்மாதேவி பக்கம் ஒரு பெரியவர் இருக்கிறார், நாகஸ்வரக் கலைஞர். அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். பல் போய்விட்டது, சீவாளியை உதட்டில் பிடிக்க முடியவில்லை, வாசிப்பை நிறுத்திவிட்டார். ஆனால் அவர் இளவயதில் கேட்டுப் பழகிய தோடி ஆலாபனைச் சொற்கட்டுகள் மனதில் அப்படியே இருக்கின்றன. வாயால் முனகிக் காட்டுவார். அதைப் பதிவு செய்து, கணினியில் நாகஸ்வர ஒலியாக மாற்றி, அவர் பேரன் கேட்கிற மாதிரி வைக்க வேண்டும். இதுதான் நாங்கள் இரண்டு பேரும் எடுத்துக்கொண்ட வேலை.

தாமிரபரணிக் கரைக்கு நாகஸ்வரம் புதிதில்லை. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில்தான் காருகுறிச்சி. 1962-ல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு சேர்ந்து வாசித்த காருகுறிச்சி அருணாசலத்தைத் தெரியாதவர் குறைவு. டி. என். ராஜரத்தினம் பிள்ளையின் சீடர் அவர். அந்த வழியில் வந்த தோடியை மவுஸை வைத்து வரைய நான் உட்கார்ந்தேன். துணிச்சல்தான்.

தோடியின் காந்தாரம் நின்ற இடத்தில் நிற்காது. ஏறக்குறைய சுத்த ரிஷபத்துக்கும் சுத்த மத்தியமத்துக்கும் நடுவே ஆடும். பியானோக் கட்டைக் கணக்கில் நாலு அரைச்சுரம், அதாவது 400 சென்ட் அகலம். ஒரு அரைச்சுரத்தை நூறு பங்காக வெட்டினால் ஒரு பங்குக்குப் பெயர் சென்ட். இந்த ஆட்டத்தை மிடியில் 'பிட்ச் பெண்ட்' என்ற தகவலால் சொல்ல வேண்டும். 1983-ல் வந்த மிடியை நம் ஆட்கள் நிறையத் திட்டுவார்கள், 'அதுல கமகம் வராது' என்று. கணக்குப் பார்த்தால் குற்றம் அங்கே இல்லை. பிட்ச் பெண்ட் 14 பிட். மொத்தம் 16,384 படிகள். வழக்கமான வீச்சு மேலே இரண்டு, கீழே இரண்டு அரைச்சுரம். 400 சென்ட்டை 16,384 ஆல் வகுத்தால் ஒரு படி ஒரு சென்ட்டில் நாற்பதில் ஒரு பங்கு. எந்தக் காதும் அதைப் பிரித்துக் கேட்காது.

சிக்கல் அதை வரைகிற இடத்தில் இருக்கிறது. திரையில் பிட்ச் பெண்டுக்கு ஒதுக்கிய பட்டை 100 பிக்சல் உயரம் என்று வையுங்கள். ஒரு பிக்சலுக்கு 4 சென்ட். பரவாயில்லை. ஆனால் ஒரு ஜாரு, மேல் ஷட்ஜத்திலிருந்து பஞ்சமத்துக்கு ஒரு வழுக்கல் என்றால் இந்த வீச்சு போதாது. மேலும் கீழும் 12 அரைச்சுரமாகக் கூட்ட வேண்டும். இப்போது ஒரு பிக்சலுக்கு 24 சென்ட்.

இங்கே ஆபிரகாம் பண்டிதரை நினைத்துக்கொள்வேன். 1859-ல் அப்போதைய திருநெல்வேலி ஜில்லாவின் சாம்பவர் வடகரையில் பிறந்து, தஞ்சாவூரில் மருத்துவராக இருந்துகொண்டே இசையை ஆராய்ந்தவர். 1917-ல் 'கருணாமிர்த சாகரம்' வெளியிட்டார். பிழைப்புக்கு ஒரு தொழில், ராத்திரிக்கு ஒரு ஆராய்ச்சி என்று அலைகிற என்னைப் போன்றவர்களுக்கு அவர்தான் முன்னோடி. ஸ்தாயிக்கு 22 சுருதி என்ற கணக்கை மறுத்து 24 என்று வாதாடினார். அதைச் சமமாகப் பிரித்தால் ஒரு சுருதி 50 சென்ட். அதாவது பண்டிதர் பக்கம் பக்கமாக வாதாடி நிறுவப் பார்த்த ஒரு சுருதிக்கு என் திரையில் கிடைப்பது இரண்டே இரண்டு பிக்சல். அதில் கையும் நடுங்குகிறது!

பெரிதாக்கிப் பார்த்து வரையலாமே என்பீர்கள். செய்தேன். பெரிதாக்கினால் முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று தெரியாது. கமகம் என்பது முன்னும் பின்னும்தானே. போதாக்குறைக்கு மவுஸில் 'வேக முடுக்கம்' என்று ஒன்று உண்டு. கையை வேகமாக நகர்த்தினால் அம்புக்குறி கூடுதல் தூரம் போகும், மெதுவாக நகர்த்தினால் குறைவு. ஆபீஸ் வேலைக்கு நல்லது. ஒரே ஆட்டத்தை இரண்டு தடவை ஒரே மாதிரி வரைய நினைக்கிறவனுக்கு அது எதிரி. மாற்றுத் தேடுகிறவர்கள் செலவு செய்வதற்கு முன்னால் இதை அமைப்புகளில் போய் நிறுத்திப் பாருங்கள். பைசா செலவில்லை.

ஒரு வாரம் புள்ளி புள்ளியாக வரைந்து போட்டுக் காட்டினேன். அண்ணாச்சி கண்ணை மூடிக் கேட்டார். "சுரம்லாம் சரியாத்தாம்பா இருக்கு. ஆனா யாரு வாசிக்கா?" என்றார்.

சரி, மாற்றுகளுக்கு வருவோம்.

செங்குத்து மவுஸ்: முன்கையைத் திருப்பாமல் கைகுலுக்குகிற வாக்கில் பிடிக்கலாம். மணிக்கட்டுக்கு எனக்கு ஓரளவு ஆறுதல். ஆனால் அதுவும் மவுஸ்தான். இழுத்து வரைகிற வேலை தோளுக்குப் போனது. வலி இடம் மாறியது, அவ்வளவுதான். (வலி தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள். கடைக்குப் போவது வைத்தியம் ஆகாது.)

டிராக்பால்: மவுஸுக்கும் மூத்தது. 1950-களின் தொடக்கத்தில் கனடா கடற்படைக்காகச் செய்த ஒரு கருவியில் பௌலிங் பந்தையே வைத்து உருட்டினார்கள். பெரிய பந்தை விரல்களால் உருட்டுகிற வகைக்கு ஒலிப்பதிவுக் கூடங்களில் இன்றும் மவுசு உண்டு. காரணம் இருக்கிறது. நீளமான பாடலில் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஒரே உருட்டில் போய்விடலாம், கை இருந்த இடத்தில் இருக்கும். வெட்ட, ஒட்ட, தேட இதைவிடச் சுகம் இல்லை. ஆனால் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே அதே கையால் பந்தை உருட்டி ஒரு வளைவு வரைந்து பாருங்கள், தெரியும் சேதி. கட்டைவிரலால் உருட்டுகிற வகையில் மொத்தப் பாரமும் ஒரு விரலுக்கு. எனக்கு அந்த விரலின் அடியில் புதிதாக வலி வந்தது. 'டிராக்பால் வாங்கு, எல்லாம் சரியாகும்' என்று ஒரே வரியில் சிபாரிசு செய்கிறவர்கள் எடிட் செய்கிறவர்கள். வரைகிறவர்கள் இல்லை.

பேனா டேப்லெட்: இங்கேதான் எனக்கு விடிந்தது. மவுஸ் 'இங்கிருந்து இவ்வளவு தள்ளு' என்று சொல்லும். பேனா 'இந்த இடம்' என்று சொல்லும். பலகையின் ஒவ்வொரு புள்ளியும் திரையின் ஒரு புள்ளி. எழுதிப் பழகிய கை என்பதால் ஆட்டம் கையெழுத்து மாதிரி விழுகிறது. அண்ணாச்சி முனகுவதைக் கேட்டுக்கொண்டே கூடவே வரையலாம். இது புது யோசனை இல்லை. யானிஸ் செனாக்கிஸ் என்ற இசையமைப்பாளர் 1977-ல் பாரிஸில் 'யூபிக்' என்று ஒரு கருவி செய்தார். பெரிய பலகையில் பேனாவால் கோடு கிழித்தால் கணினி அதை ஒலியாக்கும். கோடு மேலே ஏறினால் சுருதி ஏறும். நாம் இன்றைக்குக் குட்டிப் பெட்டிக்குள் வரைவதை அவர் அன்றைக்கே மேஜை அளவில் வரைய விட்டார்.

பேனாவுக்கும் குறை உண்டு. திரையில் இருக்கிற குமிழ்களைத் திருகப் போனால் பல மென்பொருள்களில் குமிழ் குதித்து ஓடும். இரட்டைச் சொடுக்கு அடிக்கடி தவறும். பேனாவின் அழுத்தத்தைப் பெரும்பாலான இசை மென்பொருள்கள் கண்டுகொள்வதே இல்லை. அதனால் முழுநாளும் பேனாவோடு வாழ முடியாது.

இன்னொரு பாதையும் இருக்கிறது: வரையாமல் வாசிப்பது. கீபோர்டில் இருக்கிற பிட்ச் வீல் கையை விட்டால் நடுவுக்கு ஓடிவிடும். தோடி வாசிக்கிறவன் அதன் ஸ்பிரிங்கோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான். ஏ. ஆர். ரஹ்மான் 'டெல்லி-6' படத்தின் 'ரெஹ்னா தூ' பாட்டின் கடைசியில் வாசித்திருக்கும் 'கன்டினுவம்' இதற்கு நல்ல பதில். கட்டைகளே இல்லாத மெத்தென்ற பரப்பு, விரல் வழுக்கினால் சுருதி வழுக்கும். ஆனால் விலை லட்சங்களில். அதைவிட முக்கியம், அதை வாசிக்கப் பழக வருஷங்கள் வேண்டும். அண்ணாச்சியின் முனகல் அவ்வளவு காலம் காத்திருக்குமா என்பது என் கவலை.

பேனாவில் வரைந்ததைக் கொண்டுபோய்க் காட்டினேன். இந்தத் தடவை தலை ஆடியது. "கை வந்துட்டு. மூச்சுதான் இன்னும் வரல தம்பி."

திரும்பி பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. நாகஸ்வரத்தில் விரல் ஒரு வேலை செய்கிறது, மூச்சு இன்னொரு வேலை செய்கிறது, இரண்டும் ஒரே நேரத்தில். நான் என்ன கருவி வாங்கினாலும் ஒரே அம்புக்குறியால் முதலில் சுருதியை வரைந்து, பிறகு சத்தத்தை வரைந்துகொண்டிருந்தேன்.

இதன் வேர் பழையது. 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் டக்ளஸ் எங்கல்பார்ட் மவுஸை முதன்முதலாகப் பொதுமேடையில் காட்டினார். அன்று அவருடைய வலது கையில் மவுஸ் இருந்தது. இடது கையில் ஐந்து கட்டைகள் கொண்ட ஒரு சின்ன விசைப்பலகை இருந்தது. அம்புக்குறி ஒரு கைக்கு, கட்டளைகள் மறு கைக்கு. உலகம் வலது கையை மட்டும் எடுத்துக்கொண்டது. நம் ஊர் வில்லுப்பாட்டைப் பாருங்கள். வீசுகோல் ஒருவர் கையில், குடம் இன்னொருவரிடம், உடுக்கை, ஜால்ரா வேறு ஆட்களிடம். எல்லாவற்றையும் ஒருத்தர் ஒரு கோலால் தட்டினால் என்ன ஆகும்? அதைத்தான் மவுஸை வைத்து நாம் செய்துகொண்டிருக்கிறோம்.

அதனால் என் மேஜை இப்போது இப்படி இருக்கிறது. ஓட்டு, நிறுத்து, வெட்டு, பெரிதாக்கு எல்லாம் இடது கைக் குறுக்குவிசைகளுக்கு. ரீப்பர் மாதிரி மென்பொருளில் எந்தக் கட்டளையையும் எந்த விசைக்கும் மாற்றிக்கொள்ளலாம். இந்த ஒரு மாற்றமே வலது கையின் வேலையில் பெரும்பங்கைக் குறைத்தது. தேடி நகர, விரலால் உருட்டுகிற டிராக்பால். வளைவு வரைய மட்டும் பேனா. சத்தத்தின் ஏற்ற இறக்கத்தை வரைவதே இல்லை. எட்டு ஃபேடர் கொண்ட ஒரு சின்ன மிடி பெட்டியில் ஒன்றை அதற்கு ஒதுக்கி, பாட்டு ஓடும்போதே தள்ளிப் பதிவு செய்கிறேன். ஃபேடரில் 128 படிதான். மூச்சின் அளவுக்கு அது போதும்.

போன மாதம் அந்தப் பெட்டியை மடிக்கணினியோடு சேரன்மாதேவிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். நான் வரைந்த தோடியை ஓடவிட்டு, "அண்ணாச்சி, எங்க ஊதணுமோ அங்க மேல தள்ளுங்க, எங்க விடணுமோ அங்க இறக்குங்க" என்றேன். முதல் இரண்டு தடவை முரட்டுத்தனமாகத் தள்ளினார். மூன்றாவது தடவை தள்ளும்போது அவர் கன்னமும் சேர்ந்து உப்பியது. அந்தப் பதிவைத்தான் வைத்திருக்கிறோம். காந்தாரத்தில் இன்னும் இரண்டு இடம் சரியில்லை என்கிறார், அடுத்த தடவை திருத்த வேண்டும்.

ஆகவே, கடைக்குப் போகும் முன் ஒரு வாரம் உங்கள் வலது கை என்னென்ன செய்கிறது என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். நகர்வது எவ்வளவு, வெட்டுவது எவ்வளவு, வரைவது எவ்வளவு, தள்ளுவது எவ்வளவு. மவுஸுக்கு மாற்று எது என்று கேட்காதீர்கள். எந்த வேலையை அதன் தலையிலிருந்து இறக்கலாம் என்று கேளுங்கள். பாதி வேலைக்குச் செலவே இருக்காது. மீதியில் ஒன்றைச் செய்ய ஒருவேளை இன்னொருவர் கை தேவைப்படலாம்.