பெட்டகத்து ஒலியும் பதிப்பும்

பாடிய பாட்டுக் காற்றொடு கலந்து மறைவது பண்டைநாள் இயல்பு. ஒலிப்பதிவுக் கருவி தோன்றிய பின்னர் அவ்வியல்பு மாறிற்று. பாடியவர் மறைந்த பின்னும் பாட்டு நிற்கின்றது. ஆயின் நிற்பன எல்லாம் கேட்போர் செவிக்கு எட்டுவதில்லை. பதிவுற்றவற்றுள் ஒரு சிறுபகுதியே இசைத்தட்டாக வெளிவருகின்றது. எஞ்சியது பெட்டகத்துள் உறங்குகின்றது. அவ்வாறு உறங்குவனவற்றை முறையாக வெளியிடுமாறு சுவைஞர் இசைக்குழுக்களை வேண்டுவது கடந்த ஐம்பதாண்டுகளாக மேலைநாட்டு ராக் இசையுலகில் ஓங்கி ஒலிக்கும் குரலாகும். இவ்வேண்டுகோள் ஆர்வலரின் பேராசையா, அன்றிக் கலையாய்வின் நியாயமான தேவையா என்பதை ஈண்டு ஆராய்வோம். இதற்கு அமெரிக்க நாட்டின் 'கிரேட்ஃபுல் டெட்' என்னும் இசைக்குழுவின் வரலாற்றைச் சான்றாகக் கொள்கின்றோம். மூலம், படி, பாடவேறுபாடு, பதிப்பு என நூலாய்வில் நாம் எழுப்பும் வினாக்கள் யாவும் இக்குழுவின் ஒலிநாடாக்களைப் பற்றியும் எழுகின்றன. ஆதலின் இவ்வாய்வு நம் துறைக்குப் புறம்பானதன்று.

1. பாட்டும் பாடமும்

கிரேட்ஃபுல் டெட் குழு 1965-இல் கலிபோர்னியாவில் தோன்றியது. அதன் முதன்மைக் கலைஞராகிய ஜெரி கார்சியா 1995 ஆகத்தில் மறைந்ததும் அப்பெயரில் அது பாடுவதை நிறுத்திக்கொண்டது. இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் அக்குழு நிகழ்த்திய அரங்குகள் ஏறத்தாழ 2,300. ஒருநாள் பாடிய நிரலை மறுநாள் அவ்வாறே பாடுவது அவர் வழக்கமன்று. ஒரு பாட்டின் நடுவே இசைக்கருவிகள் முன்னேற்பாடின்றி உரையாடி, அறியாத வழிகளிற் சென்று, வேறொரு பாட்டிற் கரையேறும். ஓர் இரவு பத்து நிமிடம் நின்ற பாட்டு மற்றோர் இரவு இருபது நிமிடம் நீளும்.

எழுதி முடித்த இசையைப் பிழையின்றி இசைப்பதே நோக்கமாயின், சிறந்த ஒரு பதிவு போதும், ஏனையவை மிகை. இக்குழுவின் நிலை அஃதன்று. அவர்தம் படைப்பு அரங்கிலேயே பிறக்கின்றது. ஒவ்வோர் இரவும் ஒரு தனிப்பாடம். இவற்றுள் எது இறுதிப்பாடம் என்று கேட்பதற்கே இடமில்லை. ஆதலின் வெளிவந்த சில இசைத்தட்டுக்களைக் கொண்டு இக்குழுவை மதிப்பிடப் புகுவோன், காப்பியம் ஒன்றின் சில செய்யுட்களை மட்டும் கற்று அதன் நயம் கூறுவானை ஒப்பான்.

2. படியெடுத்தோர்

குழுவினர் முறையாக வெளியிடாத இசையைச் சுவைஞரே காத்தனர். அரங்கினுள் ஒலிவாங்கியொடு சென்று பதிவு செய்தனர். தம்முள் நாடாக்களை மாற்றிக்கொண்டனர். குழுவினர் இதனைப் பெரும்பாலும் தடுத்திலர். 1984 அக்டோபர் முதல் அரங்குகளிற் பதிவு செய்வோர்க்கெனத் தனியிடமும் ஒதுக்கினர். நாடாவை மாற்றிக்கொள்ளலாம், விற்றல் ஆகாது என்பதே மரபாயிற்று. கலைஞரும் கேட்போரும் இவ்வாறு ஒத்து நின்றதை இசை வரலாற்றில் வேறெங்கும் காண்டல் அரிது.

எனினும் படி என்பது தேயும் இயல்பினது. நாடாவிலிருந்து நாடாவிற்கு மாற்றும்தோறும் இரைச்சல் கூடும், நுண்ணொலி மங்கும். கருவியின் வேகம் சிறிது பிறழின் சுருதியே மாறிவிடும். நாடா முடிந்து மறுபக்கம் திருப்பும் இடைவெளியிற் பாட்டு அறுபடும். ஏட்டிற் செல்லரித்த இடம் போன்றது அது. அவ்விடத்தை வேறொருவர் பதிவிலிருந்து எடுத்து ஒட்டி நிரப்புவாரும் உளர். நாளும் ஊரும் தவறாகக் குறிக்கப்பெற்ற நாடாக்களும் கைமாறின. மேடையின் ஒலிக்கலப்புப் பலகையினின்று நேரே எடுத்த பதிவு ஒரு மரபு; அவையிலிருந்து எடுத்தது மற்றொரு மரபு. முன்னதிற் குரலும் கருவியும் தெளிவாகக் கேட்கும்; பின்னதில் அவையின் ஆரவாரமும் மண்டபத்தின் எதிரொலியும் சேரும். இரண்டையும் கலந்து புதியதொரு பாடம் செய்வாரும் தோன்றினர். இத்துணைச் சிக்கலுக்கிடையே ஒருவன், 'இவ்விரவு அவர்கள் இவ்வாறு இசைத்தனர்' என்று துணிந்து கூறல் எங்ஙனம்?

சுவைஞர் பலரிடம் படிகள் முன்னரே உள்ளன. பின்னும் அவர் முறையான வெளியீட்டை வேண்டுவது ஏன் என்று வினவுவார் உளர். விடை ஈண்டே கிடைக்கின்றது. அவர் வேண்டுவது நம்பத்தக்க பாடம்.

3. கார்னெல் அரங்கு

1977 மே 8-ஆம் நாள் நியூயார்க் மாநிலத்து இதாக்கா நகரில், கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் மண்டபத்தில் இக்குழு பாடியது. குழுவின் ஒலிப்பொறியாளர் பெட்டி காண்டர்-ஜாக்சன் என்னும் அம்மையார் அதனைப் பதிவு செய்தார். மண்டபத்திற்கெனக் கலந்த ஒலியை அவ்வாறே கொள்ளாது, பதிவிற்கெனத் தனியே நிறுவிய ஒலிச்சமன் அவர் நாடாக்களின் சிறப்பு. பின்னாளில் வாடகைக் கிடங்கு ஒன்றிலிருந்த அவர் நாடாக்கள், செலுத்த வேண்டிய தொகை நின்றுபோனமையால் ஏலத்திற் போயின; பலர் கைகளிற் சிதறின. அவற்றினின்று எடுத்த படிகள் சுவைஞரிடையே பரவி, 'பெட்டி நாடாக்கள்' என்னும் பெயரும் பெற்றன.

சிறந்த ஒலியுடைய இப்படிகள் பரவியதும் கார்னெல் அரங்கின் புகழ் வளர்ந்தது. குழுவின் தலைசிறந்த அரங்கு அதுவே என்று கூறுவார் பெருகினர். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தான் காக்கத் தேர்ந்த ஒலிப்பதிவுகளின் 2011-ஆம் ஆண்டுப் பட்டியலில் இதனையும் சேர்த்தது. அப்பட்டியல் 2012-இல் அறிவிக்கப்பெற்றது. நாட்டின் பண்பாட்டுச் செல்வம் என்று ஏற்கப்பெற்ற இப்பதிவு அந்நாளில் முறையாக வெளியிடப்பெறாத ஒன்று. அம்மதிப்பு முழுதும் படிகளால் விளைந்ததே. பல்லாண்டு கழித்து நாடாக்கள் குழுவின் உரிமையாளரிடம் மீண்டன. 2017 மே திங்களில், அரங்கு நிகழ்ந்து நாற்பது ஆண்டு நிறையும் வேளையில், முறையான வெளியீடு வந்தது.

அவ்வெளியீடு கார்னெல் அரங்கைத் தனித்தட்டுக்களாக அளித்ததோடு நில்லாது, நியூ ஹேவன் (மே 5), பாஸ்டன் (மே 7), பஃபலோ (மே 9) ஆகிய ஊர்களின் அரங்குகளையும் சேர்த்து, நான்கு இரவுகளையும் 11 குறுந்தட்டுக்களில் ஒருங்கே வைத்தது. திறனாய்வாளன் போற்றத்தக்க செயல் இதுவே என்போம். ஒன்று காட்டுதும். 'ஸ்கார்லெட் பிகோனியாஸ்', 'ஃபயர் ஆன் தி மவுண்டன்' என்னும் இருபாட்டையும் இடையறாது இணைத்துப் பாடும் முறை 1977 மார்ச் 18-இல்தான் தொடங்கிற்று. இரண்டு திங்களும் நிரம்பாத அவ்விணைப்பை நியூ ஹேவனிலும் கேட்கலாம். மூன்று நாள் கழித்துக் கார்னெலிலும் கேட்கலாம். கார்னெலில் 25 நிமிடங்களுக்கு மேல் நீளும் அப்பகுதியில், ஒரு பாட்டினின்று மற்றதற்குச் செல்லும் நெறி அவசரமின்றித் திறக்கின்றது; ஃபில் லெஷின் தாழ்சுரக் கிதார் முன்னே நடக்க, கார்சியாவின் கிதார் சிறிது பின்தங்கி நின்று, பின் மெல்ல மேலெழுகின்றது. நியூ ஹேவன் பாடமும் இதற்குப் பெரிதும் இளைத்ததன்று. இறுதியில் வரும் 'மார்னிங் டியூ' என்னும் பாட்டு கார்னெல் அரங்கிற்குத் தனிச் சிறப்பளிப்பது உண்மை. எனினும் நான்கு இரவுகளையும் ஒருசேரக் கேட்பார்க்கு, அவற்றுள் ஒன்றே மலையாகவும் ஏனைய சமவெளியாகவும் தோன்றா. ஒரே மலைத்தொடரின் முகடுகளாகவே தோன்றும்.

இதனால் பெறப்படுவது யாது? கார்னெலின் தனிப்பெரும் புகழிற் பாதி இசையால் வந்தது. பாதி, நல்ல நாடா பிழைத்த தற்செயலால் வந்தது. பிழைத்த ஏட்டையே சிறந்த ஏடு என மயங்குதல் ஆய்வுலகில் நேரும் பிழை. முறையான வெளியீடு புகழைப் பெருக்குவதைவிட அதனை அளந்தறிய உதவுகின்றது. வெளிவராத பதிவு கதையாக வளரும். வெளிவந்த பதிவு ஆய்வுக்கு ஆட்படும். சுவைஞர் தம் வேண்டுகோளால், அறிந்தோ அறியாமலோ, திறனாய்வுக்கு நிலம் கேட்கின்றனர்.

4. மறுப்புக்கள்

இதற்கு மறுப்புக் கூறுவார் கூற்றும் நோக்கத்தக்கது. படைத்தவன் வெளியிட விரும்பாததைக் கேட்போர் வற்புறுத்தல் முறையோ என்பர். பீட்டில்ஸ் குழு 1967 சனவரி 5-இல் பதிவு செய்த 'கார்னிவல் ஆஃப் லைட்' என்னும் ஏறத்தாழ 14 நிமிட ஒலிப்படைப்பு இன்றளவும் முறையாக வெளிவந்திலது. அதனை 1996-இல் வந்த தொகுதியிற் சேர்க்க பால் மெக்கார்ட்னி விரும்பினார். ஜார்ஜ் ஹாரிசன் இசைந்திலர். ஒத்துழைத்த நால்வருள் ஒருவர் தம் பெயரால் இது வெளிவருதல் வேண்டா என்பாராயின், அவ்விருப்பம் மதிக்கத்தக்கதே. படைப்போன் கிழித்தெறிய எண்ணிய வரைவிற்கும் அவையறிய அரங்கேறிய பாட்டிற்கும் வேறுபாடு உண்டு. அவை முன் ஒருமுறை பாடியது கேட்போர் நினைவிற் புகுந்துவிட்டது. அதனை மீட்டல் இயலாது. பாடி முடித்தபின் அது கேட்டோர்க்கு உரியது என்னும் கருத்தினராகவே கார்சியாவும் இருந்தார். ஆதலின் ஹாரிசனின் மறுப்பு கிரேட்ஃபுல் டெட் பதிவுகட்குப் பொருந்தாது.

குறையுடைய இரவுகளை வெளியிடின் குழுவின் பெயர் கெடும் என்பது மற்றொரு மறுப்பு. 1972-இல் வெளிவந்த 'ஐரோப்பா 72' என்னும் மூன்றுதட்டுத் தொகுதி அரங்கிசை என்றே பெயர் பெற்றது. ஆயின் அதன் குரல்களிற் பல பின்னர்ப் பதிவகத்திற் பாடிச் சேர்க்கப்பெற்றவை. இனிமை கருதிச் செய்த அத்திருத்தத்தை நாம் பழியோம். அது படைப்போர் தம் வாழ்நாளிற் செய்த திருத்தம். ஆயின் அத்தொகுதியை ஐரோப்பியப் பயணத்தின் சான்றாகக் கொள்ளுதல் இயலாது. 2011-இல் அப்பயணத்தின் 22 அரங்குகளும் 73 குறுந்தட்டுக்களில் முழுமையாக வந்தபோதே, பாட்டுக்கள் இரவுதோறும் உருமாறிய வரலாறு புலப்பட்டது. தளர்ந்த இரவையும் கேட்டவனே உயர்ந்த இரவின் உயரத்தை அறிவான்.

5. வெளியீட்டாரின் கடமை

சுவைஞர் பக்கம் நின்று இவ்வளவும் கூறினோம். வெளியீடுகள் யாவும் குறையற்றவை என்று கூறோம். குழுவின் பெட்டகத்தைக் காக்கும் பொறுப்பை 1980-களில் ஏற்ற டிக் லட்வாலா என்பார் முன்னர் ஒரு சுவைஞராக நாடா சேர்த்தவர். அவர் பெயரால் 1993-இல் தொடங்கிய வரிசை 2005 வரை 36 தொகுதிகளாக வளர்ந்தது. ஒலியில் உள்ள குறைகளை உறையிலேயே வெளிப்படக் கூறி எச்சரித்த நேர்மை அவ்வரிசைக்கு உண்டு. எனினும் அதன் முதற்றொகுதி, 1973 திசம்பர் 19-இல் டாம்பா நகரில் நிகழ்ந்த அரங்கின் தேர்ந்தெடுத்த பகுதிகளையே கொண்டது. முழு அரங்கை அளித்தல் பின்னரே மரபாயிற்று. சுவைஞர் இடைவிடாது வற்புறுத்தியமை அதற்கு ஒரு காரணம் எனலாம்.

பெருங்குறை வேறொன்று. 'ஐரோப்பா 72' முழுத்தொகுதியின் அழகுப்பேழைகள் 7,200 மட்டுமே. 2015-இல் வந்த 80 குறுந்தட்டுத் தொகுதிக்கு எண் 6,500. 2012-இல் டேவிட் லெமியூ தொடங்கிய வரிசையின் முதற்றொகுதி 12,000 படிகளோடு நின்றது. இவை விற்றுத் தீர்ந்தபின், கைமாறும் விலை மிகுகின்றது. பெட்டகத்தினின்று வெளிப்பட்ட இசை செல்வர்தம் பேழையுட் புகுமாயின், வெளியீடு என்னும் சொல் தன் பொருளை இழக்கும். 2005 நவம்பரில் இணையக் காப்பகம் ஒன்றில் எவரும் எடுத்துக்கொள்ளுமாறு இருந்த இக்குழுவின் பதிவுகள் திடீரென நீக்கப்பெற்றன. சுவைஞர் எதிர்ப்பால் அவையோர் பதிவுகள் சில நாளில் மீண்டன. மேடைப்பலகைப் பதிவுகள் கேட்பதற்கு மட்டும் கிடைத்தன. தாமே காத்த செல்வம் தம்மிடமிருந்து பறிக்கப்படுவதாகச் சுவைஞர் அன்று வருந்தியது இயல்பே. கலைஞர்தம் குடும்பமும் உழைத்தோரும் ஊதியம் பெறுதல் அறம். காத்தோரை அயலாராக்குதல் அறமன்று.

ஆதலின் முறையான வெளியீட்டிற்கு நான்கு இயல்புகள் வேண்டும் என்று கொள்கின்றோம். அரங்கு முழுமையாக வருதல் வேண்டும். எந்நாடாவினின்று எடுத்தது, எவ்விடம் அறுபட்டது, எதனால் நிரப்பப்பெற்றது என்பன குறிக்கப்பெறல் வேண்டும். இரைச்சலும் வேகப்பிறழ்வும் நீக்கலாம். இசைத்தோர் செய்த பிழையைத் திருத்தல் ஆகாது. பேழை எத்துணை அரிதாயினும், இசை என்றும் எவர்க்கும் விலைக்கேனும் கிடைத்தல் வேண்டும். கார்னெல் வெளியீடு இவற்றுட் பலவற்றை நிறைவேற்றியது. அதனாலேயே நாற்பதாண்டுப் புகழை இன்று நாம் செவிகொண்டு ஆராய முடிகின்றது. பெட்டகத்தில் எஞ்சியுள்ள நூற்றுக்கணக்கான இரவுகளையும் இந்நெறியில் வெளியிடுதல், நாடா மட்கிப் போகுமுன் உரிமையாளர் செய்யத்தக்க கடமையாகும்.