கியருக்கு ஒரு பாவாடை

ஆட்டோமேட்டிக் காரின் கியர் லீவர் பெரும்பாலும் ஒரே கோட்டில் முன்னும் பின்னும்தான் ஓடும். பி, ஆர், என், டி. அவ்வளவுதான். மேனுவல் வண்டியைப் போல நாலு பக்கமும் வளையாத அதற்குத் தோலுறை எதற்கு? வீண் ஆசைதான். எனக்கும் உண்டு.

அழகெல்லாம் தையலில் இருக்கிறது. மேலே குறுகிக் கீழே விரியும் நான்கு துண்டுகள். தைத்த உறையைத் தலைகீழாக, உள்பக்கம் வெளியே தெரியும்படி லீவரில் மாட்டி, கழுத்தை ஒரு கேபிள் டையால் இறுக்குவார்கள். பிறகு அப்படியே கீழே மடித்து இழுத்தால் டை மறைந்துவிடும். மடிப்பு மட்டும் நிற்கும். இந்த ஒரு நொடிக்காகவே பக்கத்தில் நின்று பார்க்கலாம்.

‘பி’யில் அழகாக இருந்தால் போதாது, கடைசி நிலைவரை இழுத்துப் பார்க்க வேண்டும். குமிழின் பொத்தான் தடையின்றி அமுங்க வேண்டும். பேட்டரி இறங்கினால் லீவரை விடுவிக்கும் சின்னத் துளை பல கார்களில் பக்கத்திலேயே இருக்கும். அதைத் தோலுக்கடியில் புதைத்துவிடக் கூடாது. பி, ஆர் எழுத்துகளும் மறைந்துபோகும். டாஷ்போர்டில் தெரிந்தால் பரவாயில்லை.

மாட்டிய அன்று மாலை, சிக்னலில் என் இடது கால் கிளட்சைத் தேடியது.