முற்றத்துக் கராஜும் உப்புக்காற்றும்

2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு அந்தத் தடை நீங்க 2025 பெப்ரவரி ஆயிற்று. நீங்கிய பிறகும் வரிக்குமேல் வரி ஏறியதால், புதிய பிராடோ என்பது வேடிக்கை பார்க்கும் சாமானாகவே நின்றுவிட்டது. இடையில் 2022 இல் ரூபாவும் விழுந்தது. 200 ரூபாவில் இருந்த டொலர் சில மாதங்களில் 360 ஐத் தொட்டது. அந்த ஐந்து வருடங்களில், வாங்கிய விலையைவிடக் கூடுதலாகப் பழைய வாகனம் விலைபோகும் விசித்திரத்தை நாடு பார்த்தது. இரும்புக்குப் போட நினைத்திருந்த பஜிரோவையும் டிஸ்கவரியையும் ஆட்கள் முற்றத்துக்குள் இழுத்து வந்து தகரப் பந்தல் போட்டார்கள்.

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே கிடக்கும் எங்கள் எழுவான்கரைக்கு இந்த வாகனங்கள் புதியவை அல்ல. போர்க்காலத்தில் செஞ்சிலுவைக் கொடியோடு ஓடிய லான்ட் குரூசர்களையும், 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு தொண்டு நிறுவனங்களோடு வந்திறங்கிய வெள்ளை ஜீப்புகளையும் பார்த்துப் பழகிய கண்கள் இங்குள்ளவை. நிறுவனங்கள் கிளம்பியபோது சில வாகனங்கள் இங்கேயே கைமாறின. அமைச்சர்மாரின் மொன்டெரோக்கள் வேறு கணக்கு. 2025 இல் ஜனாதிபதி செயலகம் தன் ஆடம்பர வாகனங்களை ஏலம் விட்டபோது, அந்தப் பட்டியலில் லான்ட் ரோவரும் மொன்டெரோவும் லான்ட் குரூசரும் இருந்தன. அதிகாரம் இறங்கிப்போன சீற்றில் சாதாரண ஆள் ஏறி உட்காரும் சந்தோஷத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். 'ஜீப்காரர்' என்ற பேருக்கு ஊரில் இன்னும் மரியாதை உண்டு.

வீட்டிலேயே புதுப்பிக்கும் இந்தப் பழக்கத்தைச் சிக்கனம் என்று சிலர் புகழ்கிறார்கள். பைத்தியம் என்று சிலர் சிரிக்கிறார்கள். இரு தரப்பும் கவனிக்காத ஒன்று உண்டு. ஆடம்பர ஜீப் என்பது ஒரே உடலுக்குள் இரண்டு வாகனம். ஒன்று செசி, டீசல் எஞ்சின், டிபரன்சல், ட்ரான்ஸ்பர் கேஸ் என்று நட்டும் போல்ட்டுமாகக் கழற்றி மாட்டக்கூடிய பழைய இரும்பு. மற்றது அதன்மேல் ஏற்றிய சுகம்: காற்றுச் சஸ்பென்சன், சென்சர்கள், கணினிப் பெட்டிகள். முதலாவதை முற்றத்தில் வைத்துத் திருத்த முடியும். இரண்டாவதைத் திருத்த முடியாதபோது கழற்றி வைக்கிறோம். அதற்கும் 'புதுப்பித்தல்' என்றே பேர் சொல்கிறோம். இந்தப் பழக்கத்தில் நான் காணும் நன்மையும் கேடும் அந்த இடத்தில்தான் பிரிகின்றன.

எழுவான்கரையில் உள்ள தேற்றாத்தீவுக்குக் கிழக்கே கடல், மேற்கே வாவி. நடுவில் ஒடுங்கிய மணல் திட்டில் ஊரும் ஏ4 வீதியும் கிடக்கின்றன. இங்கே ஜீப்புக்கு முதல் எதிரி உப்பு. செசி பெட்டிபோல மூடிய இரும்பு. வடிகால் ஓட்டைகளைச் சேறு அடைத்துக்கொள்ளும், உப்பு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வெளியே கறுப்புப் பெயின்ற் பளபளக்க, உள்ளே தகடு மெலிந்துகொண்டு போகும். பழைய லான்ட் ரோவரில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. அலுமினியத் தகடும் இரும்புச் சட்டமும் தொடும் இடத்தில் உப்பு ஈரம் நின்றால், இரண்டு உலோகங்களுக்கும் இடையில் மின்னோட்டம் உண்டாகி அலுமினியம் வெண்தூளாக உதிரும். துருப்பிடிக்காத வண்டி என்று நம்பி வாங்கியவர்களுக்கு அந்தத் தூள்தான் முதல் அதிர்ச்சி.

கராஜ் பாஸுக்கு இதையெல்லாம் பார்க்க நேரம் கிடையாது. சேவிஸ் நிலையத்தில் அடியில் தண்ணீர் பீச்சி, காய்வதற்கு முன்பே அன்டர்கோட் அடித்து அனுப்புவார்கள். ஈரத்துக்கு மேலே பூசிய அந்தக் கறுப்பு, துருவுக்குப் போர்த்திவிட்ட போர்வை. வீட்டுக்காரர் சிறு சுத்தியலோடு கீழே படுத்துச் சாண் சாணாகத் தட்டிப் பார்க்கலாம். நல்ல இரும்பு கணீரென்று சொல்லும், அரித்த இடம் மொத்தென்று சொல்லும். ஓட்டைகளைக் கம்பியால் கிளறி, நன்னீரால் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவிட்டு, உள்ளே மெழுகு கலந்த எண்ணெயைப் பீச்சலாம். இந்த வேலைக்குச் செலவாவது நேரம்தான். மணிக்கணக்கில் காசு வாங்கும் கராஜ் அதைச் செய்யாததில் ஆச்சரியமில்லை. வீட்டுப் பராமரிப்பின் பெரும் பலமாக நான் காண்பது இதைத்தான். செலவு மிச்சமாவது இரண்டாம் பட்சம். ஒரே ஆளின் கண் ஒரே வண்டியை மாதக்கணக்கில் பார்க்கிறதே, அதற்குத்தான் விலையில்லை.

மாரிகாலத்தில் வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக்குப் போய்வரும் வண்டிகளிலும் இதே கதை. பட்டிருப்புப் பாலம் தாண்டி வெல்லாவெளிப் பக்கம் போனால், மார்கழியில் ரோட்டுக்கு மேலால் தண்ணீர் ஓடும் இடங்கள் வரும். ஓடிச் சூடேறிய டிபரன்சல் குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்றுச் சுருங்கும். மூச்சுக்குழாய் பழுதாக இருந்தால் டிபரன்சல் தண்ணீரை உறிஞ்சிவிடும். அடுத்த நாள் காலையில் அடைப்பைத் திறந்து ஒயில் பால்போல வெளுத்திருக்கிறதா என்று பார்ப்பது சின்ன வேலை. பார்க்காமல் விட்டால் ஒரு வருடம் கழித்து பெயாரிங் ஊளையிடும். பார்க்கிறவர் பெரும்பாலும் வீட்டுக்காரராகத்தான் இருப்பார்.

இனிக் குறைகள். என்னை அதிகம் உறுத்துவது எஞ்சினைக் குளிர்விக்கும் விஷயம். எஞ்சின் கொஞ்சம் சூடேறினால் எங்கள் பக்கத்தில் முதலில் பலியாவது தேமோஸ்ரற். 'இந்த வெக்கைக்கு அது தேவையில்லை, கழற்றி எறி தம்பி' என்று சொல்ல ஊருக்கு ஒருவர் இருப்பார். கழற்றியதும் சூடு காட்டும் முள் கீழே இறங்கும், எல்லாருக்கும் திருப்தி. டீசல் எஞ்சின் தனக்குரிய சூட்டை எட்டாமலே ஓடினால் எரிபொருள் முழுதாக எரியாது, ஒயில் அழுக்காகும், சிலிண்டர் தேயும் என்பது அந்த முள்ளில் தெரியாது. சூடேறியதற்கு உண்மைக் காரணமான அடைத்த றேடியேற்றரோ களைத்த விசிறிக் கிளச்சோ அப்படியே இருக்கும். அதோடு கிணற்றுத் தண்ணீர் வேறு. வாவிக் கரையில் பல கிணறுகள் உவர்ப்பு. அந்தத் தண்ணீரை ஊற்றினால் அலுமினிய ஹெட் அரிக்கும், குழாய்களில் சுண்ணாம்பு படியும். கூலன்றையும் காய்ச்சி வடித்த தண்ணீரையும் பாதிக்குப் பாதி கலப்பதற்கு ஆகும் காசு, ஹெட் வெடித்தபின் ஆகும் காசின் ஓரத்துக்கும் வராது. பஜிரோவின் 4டி56, பிராடோவின் 1கேஇசட் இரண்டும் சூடு தாங்காமல் ஹெட் வெடிப்பதற்குப் பேர்போனவை. ஆயிரக்கணக்கில் செலவழித்துத் தோல் சீற் தைத்தவர், ஒரு போத்தல் கூலன்றுக்குக் கணக்குப் பார்க்கும் மனதை நான் இன்றுவரை விளங்கிக்கொள்ளவில்லை.

அடுத்தது காற்றுச் சஸ்பென்சன். 2004 இல் வந்த டிஸ்கவரி 3 ஐ எடுத்துக்கொள்வோம். இரண்டரைத் தொன் வண்டியை இறப்பர்க் காற்றுப்பைகள் தாங்குகின்றன. நிலத்துக்கு ஏற்ப வண்டி ஏறும், இறங்கும். இறப்பருக்கு வயதாகும்போது மயிரிழை வெடிப்பு விழும், காற்றுக் கசியும், கசிவை ஈடுசெய்ய கொம்பிரசர் ஓயாமல் ஓடிக் கருகும். ஒருநாள் விடியற்காலையில் வண்டி ஒரு பக்கம் படுத்துக் கிடக்கும். கராஜுக்குப் போனால் கொம்பிரசரை மாற்றுவார்கள். கசிவு இருக்கிறபடியால் புதியதும் கருகும். வீட்டிலோ சவர்க்காரத் தண்ணீரைப் பையில் பூசிக் குமிழி வரும் இடத்தைப் பிடித்துவிடலாம். இது வரையும் முற்றம் கராஜை வென்றுவிட்டது என்றே சொல்வேன்.

தோற்பது அடுத்த படியில். பை கிடைக்காது, கிடைத்தாலும் விலை தாங்காது. ஆகவே காற்றை முழுதாகக் கழற்றி இரும்புச் சுருள் வில் போடுகிறார்கள். வண்டி ஓடும், குலுங்கும், ஆனால் ஓடும். இதைத் தப்பென்று நான் சொல்லவில்லை. வில் நல்லதாக, எடைக்கு ஏற்றதாக இருந்தால் நேர்மையான மாற்றம்தான். ஆனால் கை அதோடு நிற்பதில்லை. எச்சரிக்கை விளக்கு எரிகிறது என்று மீற்றர்ப் பலகையைத் திறந்து பல்ப்பைப் பிடுங்குகிறார்கள். உப்பு அரித்த ஏபிஎஸ் சென்சருக்கும் அதே வைத்தியம். கைத்தொலைபேசியோடு இணைக்கும் மலிவான ஸ்கேனர் ஒரு குறியீட்டைக் காட்டும். குறியீட்டை அழித்ததும் நோய் மாறிவிட்டதாக நினைப்பு. சுருள் வில்லோடு வாழலாம். பிறேக் எச்சரிக்காத வண்டியில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, நேராகவும் மினுக்காகவும் கிடக்கும் கல்முனை ரோட்டில் நூறில் போவது வேறு விஷயம். சுகத்தைக் கைவிடுவதற்கும் பாதுகாப்பைக் கைவிடுவதற்கும் நடுவில் ஒரு கோடு இருக்கிறது. வீட்டுப் புதுப்பித்தலில் அந்தக் கோட்டைக் காட்டித்தர ஆளில்லை.

வேலை செய்பவருக்கே உள்ள ஆபத்தையும் சொல்ல வேண்டும். எங்கள் முற்றங்கள் மணல். மணலில் வைத்த ஜக் பாரம் ஏற ஏறப் புதையும், சாயும். தடித்த பலகையோ கொங்கிறீற் கல்லோ அடியில் வைக்காமல், ஸ்ராண்ட் கொடுக்காமல், ஜக்கை மட்டும் நம்பி வண்டிக்குக் கீழே போகக்கூடாது என்பதை எத்தனை தரம் சொன்னாலும் போதாது. மாமரக் கிளையில் செயின் புளொக் கட்டி எஞ்சினைத் தூக்குவது நம் ஊர்க் கெட்டித்தனம். கிளையின் வயதையும் பார்ப்பது நல்லது. கொமன் ரெயில் எஞ்சினாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அந்தக் குழாய்களுக்குள் டீசலின் அழுத்தம் 1,500 பாருக்கு மேலும் ஏறக்கூடும். எஞ்சின் ஓடும்போது கசிவைக் கையால் தடவிப் பார்த்தால் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் ஊசி குத்தினதுபோல இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய காயம் அது.

கழிவு ஒயில் பற்றி ஊர் பேசுவதே இல்லை. வடித்ததை வேலி ஓரத்தில் ஊற்றுவார்கள், அல்லது துருவுக்கு நல்லதென்று செசியில் பூசுவார்கள். பூச்சு கொஞ்சக் காலம் வேலை செய்யும் என்பது உண்மை. அது இறப்பர் புஷ்களை ஊதவைக்கும், மிச்சம் சொட்டுச் சொட்டாக மணலில் இறங்கும். இந்தத் திட்டில் நிலத்தடி நீர் சில அடிகளிலேயே நிற்கிறது. குடிப்பதும் அதே நீர்தான்.

உதிரிப்பாகங்களுக்குக் கடைசியில் கொழும்புப் பஞ்சிகாவத்தைக்குத்தான் போக வேண்டும். ஜப்பான் வண்டிகளுக்கு அங்கே இல்லாத சாமானில்லை. ஐரோப்பிய வண்டிக்கு லண்டன் மச்சானின் பயணப் பெட்டி வேண்டும். வண்டியின் விலை மலிவாக இருப்பதற்கு அந்தப் பெட்டிதான் காரணம் என்பதை வாங்குபவர் பிந்தித்தான் உணர்கிறார். டிஸ்கவரி 3 இன் 2.7 டீசல் எஞ்சினில் கிராங் உடைவது உலகறிந்த குறை. டேர்போ மாற்றவே உடலைச் செசியிலிருந்து தூக்குவார்கள். மாமரம் அதற்குப் போதாது.

இவ்வளவும் எதற்காக என்ற கேள்வியும் உண்டு. மண்முனைப் பாலம் 2014 இல் திறந்தபின் படுவான்கரைக்குப் படகுப் பாதைக்காகக் காத்திருக்கும் தேவை அங்கே இல்லாமல் போனது. வயலுக்கு உழவு இயந்திரம் போகிறது. நாலு சக்கர இழுவை தேவைப்படும் நாட்கள் வருடத்தில் கொஞ்சம்தான். பாவிக்காத ட்ரான்ஸ்பர் கேஸ் இறுகிக்கொள்ளும். மாதத்துக்கு ஒருமுறையாவது மணலில் லோ கியர் போட்டு உருட்டிவிட வேண்டும். 2022 இல் டீசல் லீற்றர் 460 ரூபாவுக்கு ஏறி, கியூஆர் அட்டைக்குக் காருக்கு வாரம் 20 லீற்றர் என்று அளந்து கொடுத்த நாட்களில், புதுப்பித்த ஜீப்புகள் பந்தலுக்குள்ளேயே நின்றன. பந்தலுக்குள் நிற்கும் வண்டிதான் வேகமாகத் துருப்பிடிக்கிறது.

சட்டமும் இங்கே அதிகம் உதவுவதில்லை. வருமான அனுமதிப்பத்திரத்துக்குத் தனியார் ஜீப்பின் புகையைத்தான் சோதிக்கிறார்கள். காப்புறுதிக் கடதாசி கேட்கிறார்கள். எஞ்சின் மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிய வேண்டும். காற்றுப்பையைக் கழற்றியதும், ஏபிஎஸ்ஸைத் துண்டித்ததும், செசியில் வெல்டிங் போட்டதும் எந்தப் புத்தகத்திலும் ஏறாது. வண்டி அடுத்தவர் கைக்குப் போகும்போது அந்தச் செய்தி விற்றவரோடு போய்விடும். இன்ன திகதியில் இன்னதைக் கழற்றினேன், இதற்குப் பதில் இதைப் போட்டேன் என்று ஒரு கொப்பியில் எழுதி வண்டியோடு கொடுத்தால் குறைகளில் பாதி தீர்ந்துவிடும். எழுதினால் விலை குறையும் என்பதால் எழுதமாட்டார்கள்.

என்னிடம் கேட்கிற தம்பிமாருக்கு நான் சொல்வது இது. முற்றத்தில் வைத்துப் பழகுவதற்கென்றால் 1990களின் பஜிரோ ஒன்றை, அல்லது தொண்டு நிறுவனக்காரர் ஓட்டிய பழைய லான்ட் குரூசர் ஒன்றை, செசியைத் தட்டிப் பார்த்து வாங்கு. பெயின்றைக் கடைசியில் பார்த்துக்கொள். டிஸ்கவரிதான் வேண்டும் என்று மனம் நின்றால், கேட்கிற விலையின் அளவுக்கு இன்னொரு தொகையை வங்கியில் வைத்துக்கொண்டு வாங்கு. அந்தத் தொகை இல்லையென்றால் பஜிரோவும் நல்ல வண்டிதான்.