மருந்தியல் படிக்க ஆன்கி செயலி: எதற்கு உதவும், எதற்கு உதவாது

நர்சிங் மாணவர்கள் மருந்து வகைகளைப் படிக்க ஆன்கி செயலியைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். அதில் இலவசமாக இறக்கிக்கொள்ளும்படி கிடைக்கிற ஆயத்த அட்டைத் தொகுப்புகளை மட்டும் தொடாமல் இருப்பது நல்லது. டேமியன் எல்ம்ஸ் என்பவர் 2006இல் வெளியிட்ட இந்தச் செயலி செய்யும் வேலை எளியது. அட்டையின் ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் விடை. விடையை நினைவுபடுத்திப் பார்த்துவிட்டு, மறந்ததா, தடுமாறியதா, சரியாக வந்ததா, எளிதாக வந்ததா என்று நான்கு பொத்தான்களில் ஒன்றைத் தட்ட வேண்டும். எளிதாக வந்த அட்டை பல நாள் கழித்துத்தான் திரும்ப வரும், மறந்தது சற்று நேரத்திலேயே வந்து நிற்கும். ஆண்ட்ராய்டு போனிலும் கணினியிலும் இது இலவசம். ஐபோனில் காசு கொடுக்க வேண்டும். இணையம் இல்லாத இடத்திலும் ஓடும் என்பதால், மணமேல்குடியிலிருந்தோ ஆவுடையார்கோவிலிலிருந்தோ புதுக்கோட்டைக்குப் பஸ்ஸில் வந்துபோகும் மாணவருக்கு அந்த நேரம் வீணாகாது.

இந்த முறைக்கு ஆய்வு ஆதாரம் உண்டு. உளவியல் ஆய்வாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ, படித்ததைத் தாங்களே நினைவுபடுத்திப் பார்த்தவர்கள் முந்தினார்கள். தேர்வுக்கு முந்தின இரவு நோட்டைப் புரட்டுவது மறுநாள் மதிப்பெண் தரலாம். மருந்தை நோயாளிக்குக் கொடுக்கும் வேலையோ பல மாதம் கழித்து வார்டில் வருகிறது.

ஆயத்தத் தொகுப்புகளை வேண்டாம் என்பதற்குக் காரணம், அவற்றில் பல அமெரிக்க உரிமத் தேர்வுக்காகச் செய்தவை என்பதே. நமக்குப் பாரசிட்டமால் அவர்களுக்கு அசிட்டமினோஃபென். அட்ரினலின் அங்கே எபிநெஃப்ரின், சால்பூட்டமால் அங்கே ஆல்பூட்டரால். பாம்புக்கடிக்கு விஷமுறிவு மருந்து ஏற்றும்போது ஒவ்வாமை வந்தால் கை போக வேண்டியது அட்ரினலினுக்கு. அந்த நேரத்தில் மனத்துக்குள் பெயரை மொழிபெயர்த்துக்கொண்டிருக்க முடியாது. மாறாக, நம் அரசு மருத்துவமனைகளுக்கு தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை ஜெனரிக் பெயரில் வாங்கித் தருவதால், பெயரின் வாலைப் பார்த்து வகையைச் சொல்லும் பழக்கம் இங்கே நன்றாகவே பலன் தரும். 'ஓலால்' என்று முடிந்தால் பீட்டா தடுப்பான், 'பிரில்' என்றால் ஏ.சி.இ. தடுப்பான், 'சார்ட்டன்' என்றால் அதன் உறவுக்கார வகை. விதிவிலக்குகளுக்குத்தான் தனி அட்டை வேண்டும்: பான்டோபிரசோல் வயிற்று அமிலத்துக்கு, அரிப்பிபிரசோல் மனநோய்க்கு. அசித்ரோமைசினும் கிளின்டாமைசினும் ஒரே ஒலியில் முடிந்தாலும் ஒரே வகை அல்ல.

இதுவும் ஒரு மனப்பாட இயந்திரம்தானே, புரிதல் எங்கே என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயமான கேள்வி. 'எனலாப்ரில் எந்த வகை?' என்று மட்டும் கேட்கும் அட்டைக்கு அந்தக் குற்றச்சாட்டு பொருந்தும். 'எனலாப்ரில் சாப்பிடும் அம்மாவுக்கு வறட்டு இருமல் நிற்கவில்லை, ஏன்?' என்று தமிழிலேயே எழுதிய அட்டைக்குப் பொருந்தாது. 'மெக்னீசியம் சல்ஃபேட் அடுத்த டோஸ் போடுமுன் என்ன பார்ப்பாய்?' என்று கேட்டால் முழங்கால் அனிச்சை, மூச்சு எண்ணிக்கை, சிறுநீர் அளவு மூன்றும் விடையில் வர வேண்டும். முறிவு மருந்து கால்சியம் குளுக்கோனேட் என்பதற்கு இன்னொரு அட்டை. ரத்த அழுத்தம் அதிகமுள்ள தாய்க்கு மெத்தில் எர்கோமெட்ரின் ஏன் கூடாது என்பதை யோசித்து அட்டையாக எழுதும்போதே பாதி பாடம் புரிந்துவிடுகிறது. புரிதலுக்கும் சரக்கு வேண்டும். பெயரே நினைவில் இல்லாதவரால் காரணத்தை யோசிக்கவும் முடியாது.

குறைகளும் உண்டு. அமைப்புகள் பக்கம் புதியவரை மிரட்டும். சில நாள் விட்டால் பாக்கி அட்டைகள் மலையாகக் குவியும். நாளுக்கு இருபது புதிய அட்டை என்ற இயல்பு அளவைப் பத்தாகக் குறைத்துவிட்டால் சமாளிக்கலாம். இதே பெயரைச் சாயலாக வைத்துச் சந்தா கேட்கும் வேறு செயலிகளும் இருப்பதால், ஆண்ட்ராய்டில் 'ஆன்கிட்ராய்டு' என்ற பெயரைப் பார்த்து இறக்குங்கள். விடை தவறாக எழுதிய அட்டை, தவறையே ஆழமாகப் பதிக்கும். ஆகவே ஒவ்வொரு அட்டையையும் பாடநூலோடு ஒப்பிட்டு, ஆசிரியரிடமோ வார்டு சிஸ்டரிடமோ ஒருமுறை காட்டிய பிறகே படிக்கத் தொடங்குங்கள்.