புஜாங் பள்ளத்தாக்கில் நம்மவர் தேடுவது

மெர்போக்கை அடுத்து, ஜெராய் மலையடிவாரத்தில் 1980-ம் ஆண்டில் திறக்கப்பெற்ற தொல்பொருட்காட்சிசாலையொன்று உளது. தோட்டத்து அன்பரும் பட்டணத்து அன்பரும் விடுமுறை நாட்களில் அதனைக் காணச் செல்கின்றனர். செல்வது நன்றே, ஆயின் அங்கு அவர்கள் தேடுவது யாது என்பதே ஈண்டு நமது விசாரணை.

இராஜேந்திர சோழன் 1025-ம் ஆண்டளவில் கடாரத்தின்மேற் கடற்படை செலுத்தினான். அக்கடாரம் இக்கெடாவே என்பது ஆராய்ச்சியாளர் பெரும்பாலோர் துணிபு. இவ்வொரு செய்தியைக் கொண்டு நம்மவர் மேடைகள் முழங்கிய முழக்கந்தான் என்னே! அம்முழக்கத்தைச் செவியிற் சுமந்து செல்வோர் வாளையும் வெற்றித்தூணையும் தேடி, காணாது மீள்கின்றனர். அங்கிருப்பனவோ பெங்காலான் புஜாங் முதலிய இடங்களிற் கிடைத்த பாசிமணிகள், சீனப் பீங்கான் ஓடுகள், மேற்காசியக் கண்ணாடித் துண்டுகள். படையெடுப்பு வந்தது, போயிற்று. வாணிகமோ பல நூற்றாண்டு நடந்தது. மணியை விடுத்து வாளைத் தேடுவது என்ன இரசனை?

அருகிலுள்ள புக்கிட் பத்து பஹாட் கோயிலை 1936-37-ல் குவாரிச் வேல்ஸ் என்பவர் அகழ்ந்தாய்ந்தார். பின்னர் அலஸ்டேர் லாம்ப் மீண்டும் ஆராய, 1960-ல் அது கற்களை அடுக்கிச் சீரமைக்கப்பட்டது. தஞ்சை விமானத்தை மனத்திற் கொண்டு வருவோர் “இவ்வளவுதானா?” என்பர். கருங்கல் மேடையும், தூண் நிறுத்தக் குடைந்த ஆதாரக் கற்களுமே எஞ்சின. மரத்தூணும் கூரையும் மழையில் மக்கின. கடல் கடந்து வந்த சமயத்துக்கு இந்நாட்டு மரமும் கல்லும் உருக்கொடுத்த விந்தையை அக்குழிகளே சொல்லும். குனிந்து நோக்குவாரைத்தான் காணோம்.

காட்சிசாலையார்மீதும் ஒரு குறை சொல்லலாம். வேறிடங்களில் இருந்த சில கோயில்களைப் பெயர்த்து இவ்வளாகத்தில் அமைத்துளர். கல் பிழைத்தது, இடம் போயிற்று. ஆற்றங்கரைத் துறையில் ஒரு கோயில் ஏன் எழுந்தது என்பதை மலைச்சாரலில் நின்று எங்ஙனம் உணர்வது?

நம்மவர் மேடைகளில் அரிதே கேட்கும் செய்தி ஒன்றுண்டு. படையெடுப்புக்கு ஏறத்தாழ இருபதாண்டுகட்கு முன், கடாரத்தரசன் நாகப்பட்டினத்திற் பௌத்த விகாரம் எழுப்பினான். இராஜேந்திரனின் தந்தை இராஜராஜன் அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை அளித்தான். சைவ மன்னன் பிற சமயத்துக்கு ஊரளித்த அப்பெருந்தகைமை, படையெடுப்பினும் பாடத்தக்கதன்றோ! அந்நகரில் எஞ்சிநின்ற பழம் பௌத்தக் கோபுரமொன்று 1867-ல் இடிக்கப்பட்டது.

இங்கும் அதுவே நேர்ந்தது. பதினோராம் எண்ணிட்ட கோயிற்சிதைவு, வீடு கட்டுவதற்காக நிலத்தைத் திருத்தியபோது அழிந்த செய்தி 2013-ல் வெளிவந்தது. பத்திரிகைகளும் சங்கங்களும் கொதித்தெழுந்தன. கடாரம் கடாரமென்று முழங்கிய நம்முள், அது நின்றபொழுது அதனைச் சென்று கண்டவர் எத்தனை பேர்?