காலத்தைப் பழுதுபார்க்கும் நாயகர்கள்

தமிழில் காலப்பயணப் படம் ஒன்று வெளியானால் உடனே ஓட்டை தேடும் வேலை தொடங்கிவிடுகிறது. பழைய காலத்துக்குப் போனவன் அங்கே செய்த மாற்றம் அவனை மட்டும் ஏன் பாதிக்கவில்லை, அந்த இயந்திரம் எந்த விதிப்படி இயங்குகிறது என்று கேள்விகள் அடுக்கப்படுகின்றன. லாஜிக் நின்றால் நல்ல படம், இடித்தால் மோசமான படம். இந்த அளவுகோல் எனக்கு ஏற்புடையதல்ல. காலப்பயணம் பற்றிய வெல்ஸின் நாவல் வந்த 1895 முதல் இன்றுவரை ஓட்டையே இல்லாத காலப்பயணக் கதைகள் அரிது. நம் படங்களின் உண்மையான பலவீனம் வேறு. அவற்றில் பெரும்பாலானவை இழப்பை ஏற்பதே இல்லை. நாயகன் காலத்தில் பின்னால் போவதே எல்லாவற்றையும் சரிசெய்யத்தான், சரிசெய்தும் விடுகிறான்.

தென்னிந்தியாவில் இந்த வகைமைக்கு வழி திறந்தவர் சிங்கீதம் சீனிவாசராவ். ‘அபூர்வ சகோதரர்கள்’, ‘மைக்கேல் மதன காமராஜன்’ ஆகியவற்றை முடித்த கையோடு 1991இல் தெலுங்கில் அவர் எடுத்த ‘ஆதித்யா 369’, கிருஷ்ணதேவராயர் அவைக்கும் எதிர்காலத்துக்கும் போய்வந்தது. தமிழில் மொழிமாற்றம் செய்யப்பட்டும் இங்கே யாரும் அதைப் பின்தொடரவில்லை. கால் நூற்றாண்டுக்கு நெருக்கமாக மௌனம் நீடித்தது.

அதைக் கலைத்தது ரவிக்குமாரின் ‘இன்று நேற்று நாளை’ (2015). 2065இல் உருவான இயந்திரம் இரண்டு இளைஞர்கள் கையில் சிக்குகிறது. அவர்கள் உலகை மாற்றப் புறப்படவில்லை. தொலைந்த பொருள் எங்கே இருக்கிறது என்று ஜோசியம் சொல்லிக் காசு பார்க்கிறார்கள். ஓர் அந்நிய வகைமை இந்த மண்ணில் இவ்வளவு இயல்பாக வேர்பிடித்தது வியப்புக்குரியது. இன்னொரு துணிச்சலும் அதில் உண்டு. போலீஸ் என்கவுன்டரில் செத்திருக்க வேண்டிய ரவுடி குழந்தைவேலு இவர்களின் குறுக்கீட்டால் பிழைத்துவிடுகிறான். அற்பக் காரியத்துக்குக் காலத்தைத் தொட்டவர்கள் அதற்கான விலையைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. பிற்பாதியில் படம் வழக்கமான துரத்தலாகக் குறுகினாலும், விலை என்ற எண்ணத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்தது அதுதான்.

அடுத்த ஆண்டே வந்த விக்ரம் குமாரின் ‘24’ அந்த எண்ணத்தைக் கைவிட்டது. ஒளிப்பதிவுக்கும் தயாரிப்பு வடிவமைப்புக்கும் தேசிய விருது பெற்ற அழகான படம். மழைத்துளிகள் அந்தரத்தில் நிற்கும் காட்சி இன்னும் கண்ணில் இருக்கிறது. ஆனால் அதில் காலத்தை உண்மையிலேயே இழந்தவன் வில்லன் ஆத்ரேயா மட்டும்தான். 26 ஆண்டுகள் கோமாவில் கிடந்து எழுந்தவனுக்குத் தன் இளமை திரும்ப வேண்டும். எவ்வளவு பெரிய துயரம் அது! படம் அதை வெறியாக மட்டும் காட்டிக் கடந்துவிடுகிறது. நாயகன் மணியோ காலத்தை நகர்த்தும் கைக்கடிகாரத்தைக் காதலுக்கும் பயன்படுத்திக்கொள்கிறான். முடிவில் செத்த பெற்றோரும் மீண்டுவிடுகிறார்கள். அவன் எதையும் இழக்கவில்லை. எனவே அவன் மீட்டதும் நம்மைத் தொடவில்லை.

வெங்கட் பிரபுவின் ‘மாநாடு’ (2021) இந்த வகைமையின் உச்சம் என்று பலரும் சொல்கிறார்கள். வேகத்திலும் படத்தொகுப்பிலும் உச்சம் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. நாயகனைப் போலவே எதிராளி தனுஷ்கோடியும் ஒரே நாள் திரும்பத் திரும்ப நிகழும் அதே காலச்சுழலுக்குள் வருவது அபாரமான கற்பனை, அவனாக நடித்த எஸ்.ஜே. சூர்யாவின் எரிச்சல் படத்துக்குப் புது ரத்தம். ஒரு கொலைப்பழியை முஸ்லிம் இளைஞன் தலையில் கட்டிக் கலவரம் மூட்டும் சதியைக் கதையின் மையமாக வைத்ததில் அரசியல் நேர்மையும் இருக்கிறது. ஆனாலும் நாயகன் அப்துல் காலிக் சாகும்போதெல்லாம் விமானத்தில் கண்விழிக்கிறான். நாலாவது சாவுக்குப் பிறகு சாவு நம்மை உறுத்துவதில்லை. ‘மார்க் ஆண்டனி’ (2023) கடந்த காலத்துக்குப் பேசும் தொலைபேசி என்ற அருமையான கருவியைக் கண்டுபிடித்து, அதை இரைச்சலில் தொலைத்தது.

இந்த வரிசையில் உரிய பேச்சு கிடைக்காமல் போனது ஸ்ரீ கார்த்திக்கின் முதல் படமான ‘கணம்’ (2022). 2019இலிருந்து மூன்று நண்பர்கள் 1998க்குப் போகிறார்கள். ஆதிக்கு (ஷர்வானந்த்) விபத்தில் இறந்த அம்மாவைக் காப்பாற்ற வேண்டும். வீட்டுத் தரகராக அல்லாடும் நண்பன் சின்ன வயதுத் தன்னைப் படிக்கச் சொல்லப் போகிறான். இன்னொருவனுக்குக் கைவிட்டுப்போன ஒரு பெண்ணின் நினைவு. மூன்றுமே தமிழ்நாட்டில் எந்தத் தெருவிலும் கேட்கக்கூடிய ஏக்கங்கள். அம்மா முன்னால் வளர்ந்த மகன் அந்நியனாக நிற்கிறான். நீண்ட இடைவெளிக்குப் பின் தமிழுக்கு வந்த அமலா, யாரென்று தெரியாத இளைஞனிடம் காட்டும் இயல்பான பரிவில் படத்தின் முழு பலமும் இருக்கிறது. விபத்தைத் தடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று வந்தவனுக்குக் காலம் அவ்வளவு எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை. அவனுக்குக் கிடைப்பது அம்மாவோடு இன்னும் கொஞ்ச நேரம். அது போதும் என்று அவன் உணரும் இடத்துக்கு நம்மையும் கூட்டிச்செல்லும் ஒரே தமிழ்க் காலப்பயணப் படம் இது.

குறை இல்லாமல் இல்லை. சிறுவர்கள் எதிர்காலத்துக்கு வந்துவிடும் பகுதியில் நகைச்சுவை நீள்கிறது. இயந்திரத்தைப் பற்றி விஞ்ஞானியாக வரும் நாசர் தரும் விளக்கங்களும் அதிகம். லாஜிக் கேட்பவர்களுக்கு அஞ்சித்தான் அந்த விளக்கங்கள் எழுதப்பட்டன என்று தோன்றுகிறது. அந்த நிமிடங்களை ஷர்வானந்தும் அமலாவும் பேசிக்கொண்டிருக்கும் காட்சிகளுக்குக் கொடுத்திருக்கலாம்.